நூறு புலங்கள் பார்க்கப்பட்டன

அந்தத் தனியார் ஆய்வகத்தில் அவருக்கு நூறு என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. காசநோய் இருக்கிறதா என்று சளியைப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. சளியைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லிசாகத் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். ஒரு பார்வையில் தெரிகிற வட்டத்துக்குப் புலம் என்று பெயர். நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகள் தெரிந்தால் நோய் உண்டு. அதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். இல்லை என்று சொல்வதற்குத்தான் உழைப்பு வேண்டும், நூறு புலம் பார்த்த பிறகுதான் இல்லை என்று எழுதலாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் வாய்க்குள்ளேயே ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே பார்ப்பார். எண்பத்தேழில் யாராவது கூப்பிட்டால் இடது கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, நூறு என்று வாய்விட்டுச் சொல்லி முடித்த பிறகுதான் என்ன என்று கேட்பார். நெருப்புப் பிடித்துவிட்டது என்று சொன்னால்கூட அப்படித்தான் என்று ரத்தம் எடுக்கிற பெண்கள் கேலி செய்வார்கள். கேலிப் பெயர்தான், ஆனாலும் அதில் கொஞ்சம் மரியாதை இருந்தது.

இதெல்லாம் ஆய்வகத்துக்குத் தரம் வருவதற்கு முன்னால் நடந்தது.

தரம் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. தரப் பேரவையின் சான்றிதழ் வாங்கியே தீருவது என்று முதலாளி டாக்டர் முடிவு கட்டி, அதற்கென்று ஒரு மேலாளரை நியமித்தார். அந்த அம்மாள் அதற்கு முன் ஒரு பெரிய ஓட்டலில் குளியலறைத் துண்டுகளை அன்னப்பறவை மாதிரி மடிக்கிறார்களா என்று கண்காணித்தவர். எல்லோரும் அவரைத் தரம் மேடம் என்றார்கள். வந்த அன்றே ஊழியர்களை வரிசையாக நிற்க வைத்துப் பேசினார்.

"நோயாளி வருவாங்க, போவாங்க. சளி வரும், அதைக் கழுவிக் கொட்டிடுவோம். கடைசியில என்ன மிஞ்சும்? ஃபைல். ஃபைல் சுத்தமா இருந்தா ஆய்வகம் சுத்தம். புரிஞ்சுதா?"

எல்லோரும் புரிந்தது என்றார்கள். நூறும் தலையாட்டினார்.

ஒரே வாரத்தில் ஆய்வகம் அடையாளமே தெரியாமல் போனது. நாற்காலியில் 'நாற்காலி' என்று சீட்டு ஒட்டினார்கள். சுவரில் 'சுவர்' என்று ஒட்டினார்கள். தரையில் மஞ்சள் அம்புக்குறிகள் போட்டார்கள், அதைப் பிடித்துக்கொண்டு போன ஒரு பெரியவர் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, எக்ஸ்ரே எடுத்து முடித்தாகிவிட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போய்விட்டார். நூற்றுப் பதினான்கு படிவங்கள் வந்தன. முதல் படிவம் மற்ற படிவங்களின் பட்டியல். கடைசிப் படிவம் முதல் படிவத்தைப் படித்தேன் என்பதற்கான கையெழுத்து. குளிர்பெட்டியின் வெப்பநிலையை நாளுக்கு மூன்று தடவை எழுத வேண்டும். அந்தக் குளிர்பெட்டி பழுதுக்குப் போய்ப் பதினைந்து நாள் இடமே காலியாகக் கிடந்தது, அப்போதும் தாளில் நான்கு டிகிரி தவறாமல் ஏறிக்கொண்டிருந்தது.

பின்பக்கம் திறந்த வெளியில், நாலு பக்கமும் காற்றாடுகிற ஒரு மூலை உண்டு. நோயாளிகள் அங்கே போய் நெஞ்சிலிருந்து இருமிச் சளியை டப்பாவில் துப்புவார்கள். தரம் மேடம் அதைப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்தினார். வெள்ளை ஓடு பதித்து, இரண்டு பூந்தொட்டி வைத்து, ஆய்வுக்கு வருபவர்கள் பார்க்கும்வரை அழுக்காகக் கூடாது என்று பூட்டுப் போட்டுவிட்டார். இனிமேல் வரவேற்பறையிலேயே, குளிர்சாதனக் காற்றில், சோபாவில் உட்கார்ந்து சளி கொடுக்கலாம். அங்கே ஒரு பலகையும் மாட்டினார்: 'தயவுசெய்து அமைதியாக இருமவும்.'

நாலு பேர் பார்க்க யார் நெஞ்சு கிழிய இருமுவார்கள்? டப்பாக்களில் எச்சில் வந்தது. தண்ணீர் மாதிரி, நுரை நுரையாக. எச்சிலில் கிருமியைத் தேடுவது காலி சட்டைப்பையில் சாவியைத் தேடுவது போலத்தான்.

"மேடம், இது சளியே இல்ல. திருப்பி அனுப்பி, காலையில எழுந்ததும் எடுத்துட்டு வரச் சொல்லணும்," என்றார் நூறு.

"திருப்பி அனுப்பினா முப்பத்தெட்டாம் படிவத்துல 'நிராகரித்தவை'ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல பூஜ்யம்தான் இருக்கணும். வாடிக்கையாளர் ஆசையா குடுக்கறதை வேண்டாம்னு சொல்றது நல்லாவா இருக்கு?"

நூறு டப்பாவையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் பூஜ்யம் போட்டார்.

அந்த முத்திரை வந்த கதையைச் சொல்ல வேண்டும். சொல்ல நமக்கே வாய் கூசுகிறது, ஆனால் அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

ஒரு ஸ்லைடை ஒழுங்காகப் பார்க்க ஆறேழு நிமிடமாகும். நாளுக்கு நாற்பது ஸ்லைடு. படிவங்களை எழுதவே பாதி நாள் போய்விடுகிறது. ஒரு நாள் நூறு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு தரம் மேடத்தின் அறைக்குப் போய் நேரம் போதவில்லை என்றார்.

"ஒவ்வொரு ரிப்போர்ட்லயும் என்ன எழுதறீங்க?"

"நூறு புலங்கள் பார்க்கப்பட்டன, கிருமி காணப்படவில்லைன்னு எழுதறேன் மேடம்."

"இதையா கையால எழுதறீங்க? நாற்பது தடவை?" அந்த அம்மாளுக்கு உண்மையாகவே இரக்கம் வந்துவிட்டது. "கவலைப்படாதீங்க. நான் பார்த்துக்கறேன்."

மறுநாள் ஒரு ரப்பர் முத்திரை வந்தது. ஊதா மை. நூறு புலங்கள் பார்க்கப்பட்டன, கிருமி காணப்படவில்லை. ஒரே குத்து.

"மேடம், எழுதறதுக்கு நேரமாகலை. பார்க்கறதுக்குத்தான்..."

"அதான் 'பார்க்கப்பட்டன'ன்னு அதுலயே இருக்கே."

"கிருமி இருந்தா?"

"அதைக் கையால எழுதிக்கோங்க. எத்தனை தடவை வந்துடப் போகுது?"

அந்த முத்திரை, தர மாநாட்டில் ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்பு என்று முதல் பரிசு வாங்கியது. பெரிய பெரிய நிறுவனங்களெல்லாம் மாதிரி கேட்டுக் கடிதம் எழுதின. தரம் மேடம் தயாளமாக எல்லோருக்கும் ஒரே கடையில் செய்து அனுப்பி வைத்தார்.

நூறு முதல் வாரம் நூறு புலமும் பார்த்துவிட்டுத்தான் குத்தினார். இரண்டாவது வாரம் ஐம்பது. அப்புறம் முப்பது, பத்து. ஒரு நாள் ஒரே ஒரு புலம் பார்த்துவிட்டுக் குத்தினார். அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, மாறாக அந்த மாதம் 'விரைவு ஊழியர்' என்று அவர் படத்தைச் சுவரில் மாட்டினார்கள். படத்துக்குக் கீழே 'படம்' என்று ஒரு சீட்டு.

தரப் பேரவை ஒரு நாள் ஐந்து தேர்வு ஸ்லைடுகள் அனுப்பியது. யாருடைய சளி என்று தெரியாது, விடை பேரவைக்கு மட்டும்தான் தெரியும். சரியாகச் சொன்னால் சான்றிதழ் பாதி கைக்கு வந்த மாதிரி. வேலையெல்லாம் நின்றது. முதலாளி டாக்டரே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார்கள். போதாததற்கு முதலாளி டாக்டர் போனை எடுத்து, தன்னோடு படித்து வேறு ஆய்வகங்கள் நடத்துகிறவர்களை விசாரித்தார். "மூணாவதுக்கு நீங்க என்ன போட்டீங்க? அப்படியா, நாங்களும் அதான்!"

நூறு ஒவ்வொரு ஸ்லைடிலும் நூறு புலம் எண்ணினார். சந்தேகம் வந்து திரும்பத் திரும்ப நூறு நூறாக எண்ணினார். நாலாவது ஸ்லைடில் நாற்பத்து மூன்றாவது புலத்தில் இரண்டே இரண்டு சிவப்புக் குச்சிகள். எத்தனை மாதமாயிற்று இதைப் பார்த்து! நமக்கு வேலை மறக்கவில்லை என்று சந்தோஷமாக நினைத்துக்கொண்டார். ஐந்து ஸ்லைடுக்கும் சேர்த்து அன்று ஏழு மணி நேரம்.

அதே நாள் மேசையின் மறுமூலையில் நிஜ ஆட்களின் ஸ்லைடுகள் நாற்பத்து மூன்று காத்துக்கொண்டிருந்தன. அதில் பதினோராவது அவருடைய அக்காவுடையது.

அக்கா தையற்கூடத்திலும் வீட்டிலுமாகப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். ஆறு வாரமாக இருமல். அரசு மருத்துவமனை டாக்டர் சளிப் பரிசோதனை எழுதிக் கொடுத்தபோது, "வேற எங்கயும் போக மாட்டேன், என் தம்பி இருக்கான்," என்று நேராக இங்கே வந்துவிட்டாள். நூறு அவளுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். விடியற்காலையில், வாய் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து எடுக்க வேண்டும். அவளும் அப்படியே கொண்டுவந்தாள். அந்த மாதத்திலேயே உருப்படியாக வந்த சளி அதுதான். ஸ்லைடும் அழகாக வந்தது. இதை மட்டுமாவது நூறு புலம் பார்க்க வேண்டும் என்று அவர் தனியாக எடுத்தும் வைத்தார்.

தேநீர் வேளையில் தரம் மேடம் கடிகாரத்தைத் தட்டிக்கொண்டு வந்து நின்றார். "நாற்பத்து மூணும் நாலரைக்குள்ள போகணும். இன்னிக்குத் தாமதமானா நாற்பத்தஞ்சாம் படிவம் எழுதணும்."

பன்னிரண்டு நிமிடத்தில் நாற்பத்து மூன்று குத்து விழுந்தது. பதினோராவதில் கை ஒரு கணம் நின்றதா என்று அவர் பிற்பாடு பல தடவை யோசித்துப் பார்த்தார். நின்றதாக ஞாபகமில்லை.

சாயங்காலம் போன் செய்தார். "அக்கா, ஒண்ணுமில்லக்கா. நல்ல சேதிதான்."

"அப்பாடா! இப்பத்தான்டா உசுரு வந்துச்சு."

"நானே பார்த்தேன்," என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவராகத்தான் சேர்த்துக்கொண்டார்.

தரப் பேரவையின் ஆய்வாளர்கள் மூன்று பேர் அடுத்த மாதம் வந்தார்கள். முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அது சரியான நேரம் காட்டுகிறது என்பதற்குச் சான்றிதழ் கேட்டார்கள். சான்றிதழ் இருந்தது. சான்றிதழ் கொடுத்தவரின் கடிகாரத்துக்குச் சான்றிதழ் கேட்டார்கள். அதுவும் இருந்தது. மூவரும் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். பிறகு ஊழியர்கள் பின்பக்க மூலையின் பூட்டைத் திறந்து அவர்களுக்குக் காட்டினார்கள்.

"அடடா! இங்க ஒருத்தராவது இருமின மாதிரியே தெரியலையே!" என்று உருகிப் போனார் தலைமை ஆய்வாளர்.

மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் வந்து, அதன்மேல் போட்டிருந்த உறையை எப்போது துவைத்தீர்கள் என்று கேட்டார். துவைத்த தேதிப் பட்டியலைக் காட்டினார்கள். நூறு உறையை எடுத்துவிட்டு, வெள்ளந்தியாக, "சார், ஒரு ஸ்லைடு பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

தலைமை ஆய்வாளர் இரண்டடி பின்னால் போனார்.

"தம்பி, நான் தரத்தைப் பார்க்க வந்திருக்கேன். கிருமியைப் பார்க்க இல்ல. இருபத்திரண்டு வருஷத்துல நானூறு ஆய்வகம் பாத்துட்டேன். ஒரு தடவைகூட இதுக்குள்ள கண்ணை வெச்சதில்ல. வெச்சா மனசு ஒரு பக்கமா சாஞ்சுடும். நடுநிலைமை போயிடும்."

பதிவேட்டைப் புரட்டியபோது அவர் முகம் மலர்ந்தது. "போன காலாண்டுல நோய் உண்டுன்னு முப்பத்தொண்ணு. இந்தக் காலாண்டுல ரெண்டே ரெண்டு. என்ன ஒரு முன்னேற்றம்! ஊர்ல நோயே குறைஞ்சிருக்கு. இதுக்குப் பேருதான் தரம்."

எல்லோரும் கை தட்டினார்கள். நூறும் தட்டினார். தட்டும்போது உள்ளங்கையில் ஊதா மை ஒட்டியிருந்ததைப் பார்த்துக் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனார். ஒரே அறை. ஜன்னலோரம் தையல் மிஷின், அதைச் சுற்றி வெட்டிய துணிகள். வெள்ளைச் சட்டைத் துணியில் தூசி படியக் கூடாது என்று ஜன்னல் எப்போதும் சாத்தியே இருக்கும். அக்கா திரும்பினாள். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, யாரோ மாதிரி இருந்தாள்.

"என்னடா அப்படிப் பார்க்கறே? சட்டையை ரெண்டு தடவை உள்ளே பிடிச்சுத் தைச்சுட்டேன். மூணாவதும் பிடிக்கணும் போலிருக்கு. வயசாகுதுல்ல, உடம்பு வத்துது." சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது. மிஷினைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

"அக்கா, இன்னொரு தடவை டெஸ்ட் எடுத்துடலாமே?"

"எதுக்கு? பெரியாஸ்பத்திரி டாக்டர்கூட இன்னொரு தடவை எடுன்னுதான் சொன்னாரு. நான் உன் ரிப்போர்ட்டைக் காட்டினேன். என் தம்பியே பார்த்ததுன்னு சொன்னேன். இருமல் மருந்து குடுத்து அனுப்பிட்டாரு."

"இல்லக்கா, மிஷின்ல ஏதாவது கோளாறு இருந்திருக்கலாம்..."

"உன் வேலையை நீயே சந்தேகப்படாதடா. சின்ன வயசுல தீப்பெட்டிக் குச்சியைக்கூட ரெண்டு தடவை எண்ணுவியே நீ."

கட்டிலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த அவள் மகள் தலையைத் தூக்கி, "மாமா, மாமா, எனக்கும் அம்மா மாதிரியே இருமல் வருதே," என்று சிரித்தபடி இருமிக் காட்டினாள். பாதி விளையாட்டு. பாதி விளையாட்டில்லை. தாயும் மகளும் ஒரே கட்டிலில்தான் படுப்பார்கள். நூறு தண்ணீர் வேண்டும் என்று சொல்லி எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

திங்கட்கிழமை முதல் வேலையாகப் பழைய ஸ்லைடுப் பெட்டியைத் திறந்தார். பார்த்த ஸ்லைடுகளை மறுபார்வைக்காகச் சேர்த்து வைக்க வேண்டும் என்பது விதி, அந்த ஒரு விதி தப்பித்தவறி ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அக்காவின் ஸ்லைடை எடுத்து, எண்ணெய்ச் சொட்டு விட்டு, குனிந்தார். பழக்கதோஷத்தில் வாய் 'ஒண்ணு' என்றது.

இரண்டு என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதல் புலத்திலேயே, கொட்டிவிட்ட குங்குமப்பூ மாதிரி, சிவப்புக் குச்சிகள். எண்ண முடியாத அளவுக்கு. நூறு புலம் வேண்டாம், பத்து வேண்டாம். அன்றைக்கு அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரே ஒரு நொடி குனிந்திருந்தால் போதும்.

ஸ்லைடின் எண்ணைப் பதிவேட்டோடு இரண்டு தடவை ஒத்துப் பார்த்தார். அக்காவுடையதுதான்.

அப்போதே கிளம்பி அக்காவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், இல்லையா? நீங்களும் நானும் அதைத்தான் செய்திருப்போம் என்று நினைத்துக்கொள்கிறோம். நூறு அதைச் செய்யவில்லை. நானே பார்த்தேன் என்று சொன்ன வாயால் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அதனால் அவர் வேறு வழி யோசித்தார். ஆய்வகமே தவறை ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் அனுப்பட்டும். அந்தக் கடிதம் பேசட்டும், தான் பேசாமல் இருக்கலாம்.

தரம் மேடத்திடம் போய்ப் பிழை அறிக்கைப் படிவம் கேட்டார். அந்த அம்மாளின் முகத்தில் ஈயாடவில்லை.

"அறுபத்து மூணாம் படிவமா? அது நிரப்பறதுக்கு இல்லயே! அந்த ஃபைல் காலியா இருக்குன்னுதானே நமக்குச் சான்றிதழே வந்திருக்கு!"

விஷயம் முதலாளி டாக்டரின் அறைக்குப் போனது. அவர் கதவைச் சாத்திவிட்டு, நூறை உட்காரச் சொல்லி, மிகவும் கனிவாகப் பேசினார்.

"பிழைன்னா என்ன? வெளியில இருந்து யாராவது கண்டுபிடிச்சாத்தான் பிழை. நாமளே கண்டுபிடிச்சா அது மன உளைச்சல். ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோங்க. இங்க நாற்பது பேரு வேலை செய்யறாங்க, அவங்க குடும்பத்தை நினைச்சுப் பாருங்க. உங்க அக்கா எனக்கும் அக்கா மாதிரிதான். அவங்களுக்கு இலவசமா இன்னொரு ரிப்போர்ட் குடுத்துடறேன்."

"டெஸ்ட்டா சார்?"

"ரிப்போர்ட்."

அந்த வாரமே இன்னொரு வழி கிடைத்தது. காலாண்டுக்கு ஒரு தடவை பத்து ஸ்லைடுகளை மேலிடத்து மறுபார்வை மையத்துக்கு அனுப்ப வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும் என்பது விதி. தரம் மேடம் கண்ணைத் திறந்துகொண்டு, பளபளப்பாக இருந்த பத்தை எடுத்து வைத்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் நூறு ஒன்றை உருவிவிட்டு அக்காவின் ஸ்லைடைச் செருகினார். மேலிடம் என்றால் மேலிடம். அங்கே பெரிய நிபுணர்கள் இருப்பார்கள். முதல் புலத்தைப் பார்த்ததுமே துள்ளி எழுவார்கள். ஆய்வகத்தின் தலையில் இடி விழும், கடிதம் அக்கா வீட்டுக்குப் போகும். தான் எதையும் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்காது.

பத்தொன்பது நாள் காத்திருந்தார். இதைச் சொல்லும்போதுதான் கோபம் வருகிறது. பத்தொன்பது நாள்! அக்கா இரண்டு தடவை போன் செய்தாள். முதல் தடவை, தையற்கூடத்தில் பக்கத்து மிஷின் பெண்ணும் இருமுகிறாள், எல்லாம் துணித் தூசிதான் போல என்றாள். இரண்டாம் தடவை, பாப்பாவுக்குச் சாயங்காலமானால் உடம்பு சுடுகிறது என்றாள். நூறு இரண்டு தடவையும் ம் கொட்டினார். அதற்கப்புறம் அவள் கூப்பிட்டால் இவர் எடுக்கவில்லை.

இருபதாம் நாள் மறுபார்வை முடிவு வந்தது. தரம் மேடம் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்தார். பத்துக்குப் பத்தும் பொருத்தம்! ஒரு பிழைகூட இல்லை! கேக் வாங்கிவரச் சொன்னார்கள். நூறு தாளை வாங்கிப் பார்த்தார். அக்காவின் ஸ்லைடு எண்ணுக்கு நேராக ஊதா மையில் ஒரு முத்திரை. நூறு புலங்கள் பார்க்கப்பட்டன, கிருமி காணப்படவில்லை. அதே எழுத்து, அதே கடை. மேலிடமும் தரம் மேடத்திடம் மாதிரி கேட்டு வாங்கியிருந்தது.

"பாத்தீங்களா? நீங்கதான் வீணா பயந்தீங்க," என்று முதலாளி டாக்டர் தாளை எட்டிப் பார்த்து, அக்காவின் எண்ணைக் கண்டுகொண்டு, அவர் முதுகைத் தட்டினார். "இப்ப உங்க அக்காவுக்கு நோய் இல்லன்னு மேலிடமே சொல்லிடுச்சு."

நூறு கேக்குத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இனிமேல் கடிதம் எதுவும் வராது. தனக்காகப் பேச இந்த உலகத்தில் எந்தப் படிவமும் இல்லை. கேக்கை 'மேசை' என்று எழுதியிருந்த இடத்தில் வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

அக்கா மிஷினில் உட்கார்ந்து காலர் தைத்துக்கொண்டிருந்தாள். மகள் கட்டிலில் போர்த்திப் படுத்திருந்தாள்.

"என்னடா, வேலை நேரத்துல வந்திருக்கே?"

நூறு நின்றுகொண்டே இருந்தார்.

"அக்கா, நான் பார்க்கலக்கா."

"எதை?"

"உன் சளியை. பார்க்காமலே முத்திரை குத்திட்டேன். நானே பார்த்தேன்னு சொன்னது பொய். அப்புறமா எடுத்துப் பார்த்தேன். உனக்கு இருக்கு. நிறைய இருக்கு."

மிஷின் நின்றது. அக்கா அவரைப் பார்க்கவில்லை. ஊசிக்கடியில் பாதி தைத்த காலரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னிக்குப் பார்த்தே?"

"இருபத்தஞ்சு நாளாச்சு."

அவள் அவரை அடிப்பாள் என்று நினைத்தார். திட்டுவாள் என்று நினைத்தார். இரண்டில் ஒன்று நடந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அக்கா எழுந்து, மகள் பக்கமாக ஒரு அடி வைத்து, சட்டென்று நின்று, திரும்பி எதிர்ப்பக்கம் போனாள். ஜன்னலின் இரண்டு கதவையும் தள்ளித் திறந்துவிட்டு, முகத்தை வெளிப்பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெள்ளைத் துணியில் தெருத்தூசி வந்து விழுந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை.

"பாப்பாவை நீ தூக்கிக்கோ. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்," என்றாள். "என் பக்கத்துல கொண்டு வராதே."

ஆட்டோவில் அவள் ஓரமாக, வெளியே பார்த்தபடியே வந்தாள். மருத்துவமனை வாசலில் இறங்கும்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னிக்கு என்னோட சேர்த்து எத்தனை பேரோடதைக் குத்தினே?"

"நாற்பத்து மூணு."

"எனக்கு நீ தம்பி. வந்து சொல்லிட்டே. மத்த நாற்பத்திரண்டு பேருக்கு யாருடா போய்ச் சொல்லுவா?"

கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அக்காவுக்கு அங்கே அன்றே நோய் உறுதியாகி, மாத்திரை ஆரம்பித்தார்கள். மகளுக்கும் எடுத்திருக்கிறார்கள், நாளைக்குத்தான் தெரியும் என்றார்கள்.

மறுநாள் காலை நூறு ஸ்லைடுப் பெட்டியைத் தன் மேசைக்கு இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய தலைக்கு மேலே புதுச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் மின்னிக்கொண்டிருந்தது. தரம் மேடம் வந்து பார்த்துவிட்டுப் பதறினார்.

"இதெல்லாம் முடிஞ்சுபோன ஸ்லைடாச்சே! இதை எந்தப் படிவத்துல எழுதுவீங்க? உங்களைத்தான் கேட்கறேன்!"

நூறு இடது கையை உயர்த்தி நிறுத்தினார். வாய் எண்ணிக்கொண்டிருந்தது. நூறு என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அந்த ஸ்லைடை இடப்பக்கம் வைத்தார். அதில் இல்லை. அடுத்ததிலும் இல்லை. மூன்றாவதில் ஐம்பத்தெட்டாம் புலத்தில் நின்றார்.

பதிவேட்டைப் பார்த்து அந்த ஆளின் போன் எண்ணைச் சுழற்றினார். தரம் மேடம் முதலாளி டாக்டரைக் கூப்பிட ஓடினார். மறுமுனையில் போன் நெடுநேரம் அடித்து, யாரோ எடுத்தார்கள். ஹலோ வரவில்லை. அதற்கு முன்னால் இருமல்தான் வந்தது. அது நிற்கும்வரை நூறு காத்திருந்தார்.

"நான் ஆய்வகத்துல இருந்து பேசறேங்க," என்றார். "உங்க சளியை நான்தான் பார்க்காம விட்டேன்."